கரெக்‌ஷன் ஸ்டெல்லா

செய்தி வந்தபோது நான் திருக்கடையூரில் ஓர் அறுபதாம் கல்யாணத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தம்பதியின் தலையில் கலசத் தண்ணீரை ஊற்றும் நேரம். அந்தக் காட்சி ஒருமுறைதான் வரும். இன்னொரு தடவை ஊற்றுங்கள் என்று ஐயரிடம் கேட்க முடியாது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடியும் அதிர்ந்தது. இரண்டாவது முறை போன் அதிர்ந்தால் என் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கடையில் கரண்ட் கசிந்து தீப்பிடித்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மனைவி வழுக்கி விழுந்துவிட்டாள். அன்றும் எல்லாவற்றையும் நினைத்தேன். என் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற ஸ்டெல்லாவை மட்டும் நினைக்கவில்லை. இத்தனை வருஷமாக எதற்கெல்லாமோ பயந்தவன், பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயப்படாமல் இருந்துவிட்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிராகாரத்துக்கு வந்து பேசினேன். ஸ்டெல்லாவின் மகள் ஜெனி.

"அங்கிள், அம்மா காலையில எந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

அவளே சொன்னாள்: "நீங்க ஃபங்ஷன முடிச்சுட்டு வாங்க. பாதியில வந்தா அம்மாவுக்குப் பிடிக்காது."

முடித்துவிட்டுத்தான் போனேன். அன்று எடுத்த படங்கள் எல்லாமே கொஞ்சம் இருட்டடித்துப் போயிருந்தன. வழக்கமாக என் அவசரத்தையும் பதற்றத்தையும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்கிறவர், அன்று மாலை பூத் தூவிய சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார்.

பாபநாசத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டுக் கூடத்தில், மாலை போட்டுப் பொட்டு வைத்துத் தொங்குகிற அப்பா அம்மா படங்கள் ஸ்டெல்லாவின் கைபட்டவை. கல்யாண கோஷ்டி போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதித் தலை தெரிகிற ஒருவரை வெட்டி எடுத்து, தோளைச் சேர்த்து, சட்டை போட்டு, முகத்தைத் தெளியவைத்துத் தருவது அவர் வேலை. உங்களுக்கு அவரைக் கரெக்‌ஷன் ஸ்டெல்லா என்று சொன்னால்தான் தெரியும். பக்கத்துச் செல்போன் கடைக்காரர் தம் கடையில் இருந்த இன்னொரு ஸ்டெல்லாவிடமிருந்து பிரித்துச் சொல்வதற்காக வைத்த பெயர் அது. அந்த ஸ்டெல்லா கல்யாணமாகிப் போய்விட்டார். பெயர் இவருக்கே நிலைத்துவிட்டது.

என் ஸ்டுடியோவுக்கு அவர் வந்தது கணவர் இறந்த பிறகு. கைக்குழந்தையாக ஜெனி. கும்பகோணத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர், போட்டோ வேலை தெரியாது. "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது. ஆனா பயம் இல்ல" என்றார். பயம் ஒன்றே முழு மூலதனமாக வைத்துக் கடை நடத்துகிறவன் நான். எங்கள் கடையில் ஒருவருக்காவது அது இல்லாமல் இருப்பது நல்லது என்று அன்றே சேர்த்துக்கொண்டேன். நான் அவரை 'ஸ்டெல்லாம்மா, வாங்க, பாருங்க' என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். கடைசிவரை அப்படித்தான்.

சில வருஷங்களுக்குப் பிறகு அவர் உதட்டோரத்தில் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு கண்ணோரத்தில் ஒன்று. அதன் பிறகு அவை மெல்லப் பரவி, ஒன்றோடு ஒன்று கை கோத்துக்கொண்டன. தோலில் நிறம் தருகிற சத்து போய்விடுகிறது, தொட்டால் ஒட்டாது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். ஊர்க்காரர்கள் யாரும் டாக்டரிடம் கேட்கவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க எம் பொண்ணத் தொட வேணாமே" என்றார். காதில் விழக்கூடாதே என்று நான் பதறினேன். விழுந்துவிட்டது. ஸ்டெல்லா கையிலிருந்த சீப்பை அந்த அம்மாவிடமே நீட்டி, "நீங்களே வாரிவிடுங்கம்மா, தாய் கை பட்டா நல்லது. நான் லைட்டப் பாத்துக்கறேன்" என்று சிரித்தார்.

லைட்டைப் பார்ப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இது பின்னால் வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் வந்து உட்காருவதற்கு முன்னால், திரைக்கு முன் யாராவது ஒருவர் நின்று, சாம்பல் நிற அட்டை ஒன்றைக் கன்னத்தோரம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு படம் எடுத்து, வெளிச்சமும் நிறமும் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்வோம். இதற்கு லைட் செக் என்று பெயர். எங்கள் கடையில் நின்றது எப்போதும் ஸ்டெல்லா. முகத்தில் வெள்ளை பரவியபோது நானாகவே, "இனிமே வேற யாரையாவது நிக்கச் சொல்லிக்கலாம்மா" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் விடவில்லை.

"எதுக்கு அண்ணே? இந்தப் பக்கம் மாநிறம், இந்தப் பக்கம் வெள்ளை. ரெண்டும் ஒழுங்கா விழுந்துடுச்சுன்னா ஊர்ல உள்ள எல்லா மூஞ்சியும் ஒழுங்கா விழுந்துடும். உங்களுக்கு அட்டைகூட மிச்சம்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் லென்ஸைத் துடைத்தேன்.

அந்த வார்த்தைக்கு வருகிறேன். கரெக்‌ஷன் என்று சொல்லாமல் எங்கள் கடைக்குள் யாரும் நுழைந்ததில்லை. "ஒரே ஒரு சின்ன கரெக்‌ஷன் சார்." மூக்கைச் சின்னதாக்க வேண்டும், மூடின கண்ணைத் திறக்க வேண்டும், பல்லை உள்ளே தள்ள வேண்டும். தாத்தாவுக்குப் பக்கத்தில் பாட்டி வேண்டும், ஆனால் அவர்கள் சேர்ந்து எடுத்த படமே கிடையாது. தொப்பையைக் குறைக்க வேண்டும், குறைத்த மாதிரி தெரியக்கூடாது. எல்லாம் கரெக்‌ஷன். ஸ்டெல்லா இந்தச் சொல்லின் மேல் ஒரு கண் வைத்திருந்தார். டீ வரும் நேரத்தில் அன்றைக்குப் புதிதாகக் காதில் விழுந்ததைச் சொல்லுவார்.

"வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல்ல ஒருத்தர் சொல்றாரு அண்ணே, 'பட்டாவுல கரெக்‌ஷன் இருக்கு, ஆளக் கரெக்ட் பண்ணியாச்சு, சாயந்தரம் கரெக்டா வந்துடும்'னு. பத்தடி தள்ளி பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் இன்னொருத்தன்கிட்ட, 'அந்தப் பொண்ணக் கரெக்ட் பண்ணிட்டேன்டா'ங்கறான். எங்க பக்கத்து வீட்டு டீச்சர் கரெக்‌ஷனுக்குப் போயிருக்காங்கன்னா பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருக்காங்க. இந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டே ஒருத்தன் தமிழ்நாட்டுல பொழைச்சுக்கலாம்."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா, சரி பண்றது."

"அதுதான் இல்லண்ணே. சரி பண்றேன்னு ஒருத்தர் சொன்னா, அது இப்ப சரி இல்லன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம். அத யார் முடிவு பண்ணாங்கன்னு யாரும் கேக்கறதில்ல."

சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை அது. சூடு பட்டுச் சொன்னது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். வங்கியில் அதிகாரி. அம்மா இறந்துவிட்டார், படத்திறப்புக்குப் படம் வேண்டும் என்று ரேஷன் கார்டுக்காக எடுத்த ஒரு பழைய படத்தைத் தந்துவிட்டுப் போனார். அப்போதெல்லாம் எந்த முகம் வந்தாலும் முதலில் இரண்டு அளவு வெளுப்பாக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. யாரும் சொல்லித்தர வேண்டாம், யாரும் கேட்கவும் வேண்டாம். ஸ்டெல்லாவும் அப்படியே செய்தார். வாங்கிக்கொள்ள வந்தவர் படத்தைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாருங்க?"

"உங்க அம்மா சார்" என்றேன் நான்.

"எங்க அம்மா கருப்புங்க. நடவு, களையெடுப்புன்னு ஆயுசு முழுக்க வெயில்ல நின்னவங்க. அவங்க அப்படி நின்னுதான் நாங்க நாலு பேரும் படிச்சோம். இதை வீட்டுல மாட்டினா என் தங்கச்சி பையன் யாரு இந்தப் பாட்டின்னு கேப்பான். உங்கள யாருங்க கரெக்‌ஷன் பண்ணச் சொன்னது?"

குரலை உயர்த்தவில்லை அவர். மறுநாள் காலை படத்திறப்பு, அழைப்பெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஏதாவது சாக்குச் சொல்லலாமா, பிரிண்டர் மேல் பழியைப் போடலாமா என்று நான் வார்த்தை தேடுவதற்குள் ஸ்டெல்லா எழுந்து நின்று, "தப்பு என்னுதுங்க. யாரும் சொல்லல, நானாப் பண்ணேன். உக்காருங்க, இப்பவே முடிச்சுத் தர்றேன்" என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இவ்வளவா? இன்னும் கொஞ்சமா?" என்று கேட்டுக் கேட்டு நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அம்மாவின் முகம் திரையில் வந்தபோது அந்த மனிதர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி. யார் வந்து கரெக்‌ஷன் என்றாலும், முகம் சுளிக்காமல், வம்பு தொனிக்காமல், "தப்பு எங்க இருக்குன்னு காட்டுங்க, சரி பண்ணிடலாம்" என்பார். ஆட்கள் திரையைப் பார்ப்பார்கள். விரலை நீட்டுவார்கள். பாதிப் பேருக்கு விரல் பாதியிலேயே நின்றுவிடும். அப்பாவின் கோணல் பல்லை அப்பாவின் தப்பு என்று சுட்டிக்காட்ட யாருக்குக் கை வரும்? "சரி, இருக்கட்டுங்க" என்று போய்விடுவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு. வியாபாரம் போகிறதே என்று நான் புலம்புவேன். "போனவங்க படம் எடுக்க வரலண்ணே, சண்டை போட வந்தாங்க" என்பார்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் ஸ்டெல்லாவைக் கொள்கைப் பிடிப்புள்ள ஒரு சிலையாக்கிவிடுவேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. மயிலாடுதுறைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள், நர்ஸாக இருப்பவள். அம்மாவின் படம். கழுத்திலிருந்து கன்னம்வரை தீக்காயத் தழும்பு. அதை எடுத்துவிட வேண்டும் என்றாள். ஸ்டெல்லா வழக்கம்போல், "இதுல தப்பு எங்கம்மா இருக்கு? அம்மா முகம்தானே?" என்றார்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். "எங்க அப்பா பண்ணதுங்க அது. கொதிக்கிற குழம்பு. அம்மா இருந்தவரைக்கும் முந்தானையால மூடிக்கிட்டே இருந்தாங்க. செத்த பிறகும் சுவத்துல நின்னு அத வர்றவங்க போறவங்களுக்குக் காட்டணுமா?"

ஸ்டெல்லாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். மாநிறப் பக்கம் சாம்பலாகிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா" என்றார். அந்தப் படத்துக்கு முழுதாக ஒரு பகல் உட்கார்ந்தார். சாப்பிட எழவில்லை. தழும்பு போன இடத்தில் மெழுகுபோலத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு சுருக்கமாகக் கொண்டுவந்தார். அன்று கடை சாத்தும்போது சொன்னது இது: "நான் ஒரு கேள்வியக் கத்துக்கிட்டு எல்லாரையும் அதால அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன் அண்ணே. தப்பு எங்கன்னு நான் கேக்கலாம். பதில் நான் சொல்லக்கூடாது. முகம் யாருதோ, அவங்கதான் சொல்லணும்."

என் மனைவி மருத்துவமனையில் இருந்த வாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. ரத்தத்தில் உப்புக் குறைந்து, ஆளை அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டாள். ஊசி ஏறிக்கொண்டிருந்தது. எப்போது சரியாகும் என்று கேட்கும்போதெல்லாம் நர்ஸ், "கரெக்‌ஷன் போயிட்டு இருக்கு சார்" என்றார். வேகமாக ஏற்றக்கூடாதா என்று டாக்டரிடம் மன்றாடினேன். "சட்டுனு ஏத்தினா மூளையப் பாதிக்கும். இந்தக் கரெக்‌ஷன் மெதுவாத்தான் போகணும்" என்றார். வராந்தாவில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா பிளாஸ்க்கில் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பாத்தீங்களாண்ணே, இந்த வார்த்தைக்கு உருப்படியான ஒரு அர்த்தம் இங்கதான் இருக்கு. எங்க தப்புன்னு ரத்தத்த எடுத்துப் பாத்துட்டு, அளந்து, மெதுவா" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மனைவி மூன்றாம் நாள் என் பெயரைச் சொல்லி, கண்ணாடி எங்கே என்று கேட்டாள்.

ஸ்டெல்லா மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். பூசை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராகக் கடைக்கு வந்தார். யாரோ ஒரு பாட்டி வாசலில் மடக்கி, "என்ன பாவம் பண்ணியோ, சாமியார்கிட்ட செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லி நல்லாப் பாவசங்கீர்த்தனம் பண்ணு, சரியாப்போயிடும்" என்றாளாம். ஸ்டெல்லா அதைச் சொல்லிச் சிரித்தார். "செஞ்ச தப்பத்தான் அண்ணே சொல்ல முடியும். என் மூஞ்சியப் போய் எப்படிச் சொல்றது?" சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலிக்கவே இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எனக்குத் தெரியும்.

இனி, அவர் போன பிறகு நடந்தது.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி கடைக்கு வந்தார். ஆடுதுறைப் பக்கம் விவசாயம் செய்கிறவர். தங்கை விதவையான நாளிலிருந்து அந்த வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் படம் வைக்க வேண்டும், நல்ல படமாக வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஜெனிக்கு ஒரு இடம் பேசிக்கிட்டு இருக்கோம் சார். திருச்சி. பையன் காலேஜ்ல வேலை. போன்லதான் பேச்சு, அவங்க ஸ்டெல்லாவ நேர்ல பார்த்ததே இல்ல. முப்பதுக்கு வர்றோம்னு சொல்லியிருக்காங்க. வந்ததும் முதல்ல படத்தத்தான் பார்ப்பாங்க. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வருமோன்னு ஒரு நெனப்பு வந்துட்டா..." நிறுத்தினார். "என் தங்கச்சி முகத்துல தப்பு இருக்குன்னு நான் சொல்லல சார். சாகறவரைக்கும் சொன்னதில்ல. ஆனா இந்த ஒரு தடவை கரெக்ட் பண்ணிக் கொடுத்துடுங்க."

அழுதார். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

ஸ்டெல்லாவை உட்காரவைத்து எடுத்த படம் என்று எங்களிடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் லைட் செக் படங்கள் கிடந்தன. பாதியை அழித்திருந்தேன், பாதி அழிக்க மறந்து போயிருந்தது. கன்னத்தில் அட்டையோடு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, வெளியே யாரையோ பார்த்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து. வருஷ வரிசையில் பார்த்தால் வெள்ளை மெல்ல மெல்ல ஏறுவது தெரிந்தது. நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன், போன பொங்கலுக்கு முன்னால் எடுத்தது. அட்டைக்கு மேலே நேராக என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார்.

அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எதை எதோடு சரிசெய்வது? அந்தப் படம் எடுத்த காலத்தில் முகத்தில் பாதிக்கு மேல் வெள்ளை. மாநிறத்தை மீதிக்கும் பரப்பினேன். பல வருஷத்துக்கு முந்தைய ஸ்டெல்லாவின் நிறம், இப்போதைய ஸ்டெல்லாவின் சுருக்கங்கள். பார்த்தால் அவருடைய அக்கா மாதிரி யாரோ. அழித்துவிட்டு வெள்ளையைப் பரப்பினேன். அது எந்த ஊர்ப் பெண்மணி என்றே தெரியவில்லை. மாற்றி மாற்றிப் போட்டேன். முப்பதாம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தோணியின் போன் வந்தால் எடுக்கப் பயமாக இருந்தது. கொடுத்த வாக்கு ஒரு பக்கம், ஜெனியின் கல்யாணம் ஒரு பக்கம், திரையில் என்னைப் பார்க்கிற அந்நியப் பெண் ஒரு பக்கம்.

அம்மாவின் டிபன் டப்பாவை எடுத்துப் போக ஜெனி வந்தாள். திரையைப் பார்த்துவிட்டாள்.

"மாமா சொன்னாரா அங்கிள்?"

தலையை ஆட்டினேன். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றார். அவர் மேல கோபப்படாத."

"கோபம் இல்ல அங்கிள்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா எத்தனை வருஷம் இங்க தினமும் உங்க முன்னாடி நின்னாங்க? படத்த அவங்கதான் இந்தக் கம்ப்யூட்டர்ல திறந்து பார்ப்பாங்க. ஒரு நாளாவது அவங்க முகத்துல எதையாவது மாத்தி நீங்க பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். கருவி முழுவதும் கையில், கூட யாரும் இல்லாத நேரமும் எத்தனையோ. ஒருமுறைகூட இல்லை.

"அப்ப அவங்க பதில் சொல்லிட்டாங்க அங்கிள்" என்றாள் ஜெனி. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மாமாகிட்ட நான் பேசிக்கறேன். எடுத்தபடியே பிரிண்ட் போடுங்க. அட்டையையும் வெட்ட வேணாம்."

முப்பதாம் நாள் அந்தப் படம் அட்டையோடு அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தது. திருச்சியிலிருந்து பையனின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அந்த அம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் படத்துக்கு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்தோணி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கையில என்ன அட்டை?" என்று கேட்டார் அந்த அம்மாள். நான் சொன்னேன், லைட் செக் என்றால் என்ன என்று. வரப்போகிறவர்களின் முகம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக இவர் முதலில் நின்று பார்ப்பார் என்று. பதற்றத்தில் நீட்டி முழக்கிவிட்டேன்.

"அப்படியா" என்றார். காபி குடித்தார்கள். ஜெனியின் பள்ளிக்கூட வேலை பற்றி விசாரித்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மாள் அந்தோணியிடம், "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம். பொண்ணு போட்டோ ஒண்ணு புதுசா எடுத்து அனுப்புங்க" என்றார்.

புதிதாக எதற்கு? அந்தக் கேள்வியில் அந்தோணியும் நானும் தேய்ந்துபோனோம். வீட்டில் பெரியவர்களிடம் காட்டவா, இல்லை, முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்க்கவா? ஜெனி மட்டும், "போட்டோ கேட்டா போட்டோ குடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு வந்தாள். நீலப் புடவை. திரைக்கு முன்னால் போய் நின்றவள், நான் சொல்லாமலே மேசையிலிருந்து அந்தச் சாம்பல் அட்டையை எடுத்துக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டாள். அம்மா பிடிக்கிற அதே பக்கம். முதல் படம் எனக்கு ஆடிப்போய்விட்டது, இன்னொன்று எடுத்தேன்.

அவள் போன பிறகு படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். உதட்டோரம். கண்ணோரம். காதுக்குப் பின்னால் முடி விலகியிருந்த இடம். ஓரோர் அங்குலமாக நகர்த்திக்கொண்டே போனேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. எங்கும் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அந்த நாற்காலி சாய்ந்தால் கிறீச்சிடும். அவர் இருக்கும்போதும் அப்படித்தான்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. ஸ்டெல்லாவின் மகள் முகத்தில் அரை மணி நேரமாகத் தப்புத் தேடிக்கொண்டிருந்தவன் நான். தேடச் சொன்னது திருச்சிக்காரர்கள்கூட இல்லை. அவர்கள் போட்டோதான் கேட்டார்கள்.

அவர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, வம்பு தொனிக்காமல்தான் கேட்டிருப்பார். தேடியதை நிறுத்திவிட்டு, படத்தை எடுத்தபடியே அனுப்பிவைத்தேன்.

இதை எழுதும்வரை திருச்சியிலிருந்து பதில் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடுகிறது. அது என் உடம்போடு பிறந்தது, போகாது. ஆனால் அவருடைய கேள்வியை அவர் என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். இதுவரை வாடிக்கையாளர்களிடம் மட்டும் கேட்பதற்கானது என்று நினைத்திருந்தேன். அந்தச் சாம்பல் அட்டையும் என்னிடம்தான் இருக்கிறது. வலது ஓரத்தில் அவர் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறி ஒரு தடம் விழுந்திருக்கிறது. அழுக்கேறினால் நிறம் சரியாகக் காட்டாது, புதிது வாங்க வேண்டும் என்பது தொழில் விதி. வாங்கவில்லை. இப்போது லைட் செக்குக்கு நானே போய் நிற்கிறேன், என் விரலை அந்தத் தடத்தில் வைத்து.